வெள்ளைக்காரருக்கு வைத்த மொய்

உண்ணாமலை: …பாத்துத் தூக்கச் சொல்லுங்க, நடைக்கம்பி செவுத்துல இடிக்குது பாருங்க.

குணசீலன்: அதெல்லாம் அவிய பாத்துக்குவாங்க. நீ உக்காரு. இந்த பெஞ்சையும் வண்டியில ஏத்தறதுக்குள்ள கடைசியா ஒருக்கா உக்காந்துக்கலாம்.

உண்ணாமலை: நிக்கறனுங்க.

குணசீலன்: அஞ்சு வருசமா இதே பெஞ்சுலதான எனக்குப் பக்கத்துல உக்காந்த? இன்னிக்கென்ன புதுசா?

உண்ணாமலை: அது சென்டரு இருந்தப்பங்க. நாளையிலிருந்து இது வெறும் கட்டடம்.

குணசீலன்: உன்ற வாயி இருக்குதே… கோழிப்பண்ணையில நாள் பூரா வேலை செய்யற, ஒரு வார்த்தை வராது. இங்க வந்தா மட்டும் எங்கிருந்துதான் வருமோ.

உண்ணாமலை: அங்க நீங்க மொதலாளிங்க. இங்க நீங்க கனிஷ்காவோட அப்பா, நான் மதுமதியோட அம்மா. ரெண்டு புள்ளைக்கும் காலு வரலைன்னுதான வந்து உக்காந்தம்.

குணசீலன்: சரி, சரி. மது எங்க?

உண்ணாமலை: உள்ளங்க, நடக்கப் பழக்கற சரிதா அம்மிணிகூட. கம்பியக் கழட்டறதப் பாத்து ஒரே அழுவ. ஒம்பது வயசாச்சில்லீங்களா, எல்லாம் வெளங்குது. ‘கனிஷ்கா வருவாளாம்மா, கடைசியா ஒருக்கா நடந்துக்கறோம்’னு காலையிலிருந்து கேட்டுட்டே இருக்கறா. நீங்க கூட்டிட்டு வரலையே.

குணசீலன்: கூட்டிட்டு வந்தா கம்பியக் கட்டிப் புடிச்சுக்குவா. அப்பறம் அவளப் பிரிச்சுத் தூக்க நாலு ஆளு வேணும்.

உண்ணாமலை: ரெண்டும் ஆளுக்கொரு பக்கமா நின்னு, கம்பியப் புடிச்சுட்டு எதுக்கால எதுக்கால வருமுங்களே… நடுவுல வந்து கை தட்டிக்கிட்டுத்தான் உக்காரும்.

குணசீலன்: அதெல்லாம் எதுக்கு இப்ப?

உண்ணாமலை: சும்மாதானுங்க.

சரிதா: சார், இதுல ஒரு கையெழுத்து போடுங்க. நடைக்கம்பி ஒரு ஜோடி, நிக்க வெக்கற பலகை ஒண்ணு, சக்கர நாற்காலி ரெண்டு. எல்லாம் உங்ககிட்ட ஒப்படைச்சதா எழுதியிருக்கு.

உண்ணாமலை: எல்லாமே இவிய பேருலயா அம்மிணி?

சரிதா: பிரிச்சுக் குடுக்கக் கூடாதுன்னு ட்ரஸ்ட்டுல சொல்லிட்டாங்கக்கா. வெக்கறதுக்கு எடம் இருக்கற ஒருத்தருக்குத்தான். சார்தான் மொதல்ல எழுதிக் குடுத்தாரு.

உண்ணாமலை: கம்பிய மட்டும் நான் கேக்கலாம்னு இருந்தேன்…

சரிதா: உங்க ரூம் எத்தன அடிக்கா?

உண்ணாமலை: எட்டடி.

சரிதா: கம்பி பத்தடிக்கா.

உண்ணாமலை: ஓ… அப்ப கதவத் தொறந்து வெச்சாலும் ஆகாது. எதுக்கால கோழி எருவு குமிச்சிருக்குது.

குணசீலன்: பண்ணை லைன் ஊடுன்னா அப்படித்தான். பங்களாவா கட்டிக் குடுப்பாங்க? குடு சரிதா, எங்க போடோணும் கையெழுத்து? ஏம்மா, நெசமாலுமே மூடித்தான் ஆகோணுமா? கலெக்டராபீசுல மனு…

சரிதா: குடுத்தாச்சு சார். ரசீது குடுத்திருக்காங்க.

உண்ணாமலை: நம்ம சர்க்காரு நெனச்சா இது ஒரு காசா அம்மிணி? நிலாவுக்கே ராக்கெட்டு உடுதே.

சரிதா: அதையேதான்க்கா நம்ம சென்டருக்குப் பணம் குடுக்கற வெள்ளக்காரங்களும் கேக்கறாங்க. அவங்க ஊர்லயும் வெலவாசி ஏறிப்போச்சாம், ஆஸ்பத்திரில எடம் கெடைக்கலையாம். நிலாவுக்கு ராக்கெட் விடற நாட்டுக்கு எங்க வரிப்பணம் எதுக்குன்னு அந்த ஊர் சனம் சண்ட போடுதாம். அவங்க சர்க்காரு பணத்த நிறுத்திருச்சு.

உண்ணாமலை: அவிய கேக்கறதும் நாயந்தான்… ஆனா என்ற புள்ள காலுக்கும் ராக்கெட்டுக்கும் என்ன அம்மிணி சம்பந்தம்? நான் அத டிவியில பாத்ததோட சரி.

குணசீலன்: இரு, இரு. இன்னும் ரெண்டு வருசம் குடுக்கறதுக்கு ஒரு லிஸ்ட்டு இருக்குது, அதுல நம்ம சென்டர் இருக்குதுன்னு நீதான சொன்ன?

சரிதா: இருந்துச்சு சார். பெருசெல்லாம் நிறுத்திட்டு, இந்த மாதிரி சின்ன சென்டருக்கு மட்டும் ரெண்டு வருசம் நீட்டிக்கலாம்னு வெச்சிருந்தாங்க. நம்மளுது ஏழாவது பேரு. அதப் பாத்து முடிவு பண்ணத்தான் மாசியில அங்கிருந்து அந்த மூணு பேரும் வந்தாங்க. வந்துட்டுப் போனதும் பேர அடிச்சுட்டாங்க.

உண்ணாமலை: எதுக்குன்னு சொன்னாங்களா?

சரிதா: அறிக்கை நேத்துதான் வந்துச்சுக்கா. போன்ல இருக்குது.

குணசீலன்: முடிஞ்சு போனத எதுக்கு இப்பப் படிச்சுட்டு…

உண்ணாமலை: படி அம்மிணி.

சரிதா: தமிழ்ல சொல்றேன்… ‘குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் உதவி தேவைப்படும் நிலையில் பெற்றோர் இருப்பதாகத் தோன்றவில்லை. எங்களுக்குப் பெரிய விருந்து அளிக்கப்பட்டது. புறப்படும்போது எங்களுக்கே பணம் தரப்பட்டது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, இனிமேல் நாங்கள் கொடுக்கிற இடத்தில் இருக்கிறோம் என்று ஒரு தந்தை சொன்னார். தனியாக அழைத்துக் கேட்டபோது ஒரு தாயும் அதையே சொன்னார்.’

குணசீலன்: தாயா?

சரிதா: ஆமா சார்.

குணசீலன்: யாரு? பேரு போடலையா?

சரிதா: பேரு போட மாட்டாங்க சார். அவங்க ஊர் பேப்பர்ல வந்த படத்துலயும் மூஞ்சி இல்லையே. ரெண்டு கையி, பச்சக் கண்ணாடி வளையலு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, மேல ஒரு கவரு. ‘உதவி வாங்குகிறவர்கள் நமக்கே பணம் தருகிறார்கள்’னு கீழ எழுதியிருந்துச்சு. அவ்வளவுதான்.

குணசீலன்: அதான் செல்லமுத்து சம்சாரத்தோட கையின்னு ஊரே சொல்லுதே.

சரிதா: அவங்க இல்லைன்னு சத்தியம் பண்றாங்க சார். திருச்செங்கோட்டுப் பக்கம் போனா, ‘வெள்ளக்காரனுக்கே மொய் வெச்ச ஊரு’ன்னு சிரிக்கறாங்களாம். லாரி பாடி கட்டற பட்டறையில செல்லமுத்து அண்ணன்கூட யாரும் சோறு திங்க உக்காரதில்லையாம். அவரு பையன் கோகுல்ராஜையும் சென்டருக்கு வர வேண்டாம்னு நிறுத்திட்டாரு. அந்தப் பையன் இப்பத்தான் பலகையில நிக்க ஆரம்பிச்சிருந்தான்.

குணசீலன்: வாய்க்கொழுப்புப் புடிச்சவன், அனுபவிக்கட்டும்.

சரிதா: வெள்ளக்காரங்க கார் ஏறுனப்ப நான் உள்ள கொழந்தைங்களோட இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் கார்கிட்டதான நின்னீங்க? தட்டு குடுத்தது யாருன்னு பாக்கலையா?

குணசீலன்: கூட்டத்துல எங்க பாக்கறது…

உண்ணாமலை: நான் எச்செல எடுத்துட்டு இருந்தேன் அம்மிணி.

சரிதா: ம்ம். சரிங்க, பீரோவ நகத்தறாங்க. வாரேன்.

குணசீலன்: போயிட்டாளா?

உண்ணாமலை: போயிட்டாங்க.

குணசீலன்: அந்தப் பச்ச வளையல என்ன பண்ணுன?

உண்ணாமலை: நீங்க சொன்ன அன்னிக்கே கழட்டி எருவுல போட்டுட்டனுங்க.

குணசீலன்: நல்லதாப் போச்சு.

உண்ணாமலை: எச்செலைன்னு வாயில வந்துருச்சு. அந்தப் புள்ள மொகத்தப் பாத்துப் பொய் சொல்ல ஒரு மாதிரியா இருக்குதுங்க.

குணசீலன்: இப்ப என்ன கொலக் குத்தமா பண்ணிட்டோம்? அஞ்சு வருசம் அவிய நமக்குச் செஞ்சாங்க. ஒரு முறைக்குத் திருப்பிச் செய்ய வேண்டாமா? ஊடு தேடி வந்த ஒறம்பரைய வெறுங்கையோட அனுப்பற வழக்கம் நம்ம பக்கம் உண்டா? ‘உங்க ஊர்லயும் கஷ்டப்படற கொழந்தைங்க இருக்குமுங்க, வெச்சுக்கங்க’ன்னு மரியாதையாத்தான சொன்னேன்.

உண்ணாமலை: சொன்னது நீங்க. தட்ட நீட்டுனது என்ற கையி.

குணசீலன்: பொம்பளைங்க குடுத்தா லட்சணமா இருக்கும்னுதான்…

உண்ணாமலை: உங்கூட்டு அம்மா பக்கத்துலதான இருந்தாங்க?

குணசீலன்: வெள்ளக்காரங்க போட்டோ எடுத்துட்டு இருந்தாங்கல்ல. அவளுக்கு அதெல்லாம் புடிக்காது.

உண்ணாமலை: எனக்குப் புடிக்குமாக்கு.

குணசீலன்: லொள்ளு பேசாத.

உண்ணாமலை: இல்லீங்க… செல்லமுத்து அண்ணன்கிட்டயாச்சும் நெசத்தச் சொல்லிறலாமுங்க. அன்னிக்கு அவரு ஊர்லயே இல்ல. பையனுக்குக் காச்சல்னு சேலம் ஆஸ்பத்திரில கெடந்தாரு. அந்தம்மா இப்பத் தண்ணி புடிக்கக் கூட வெளிய வாறதில்லையாம்.

குணசீலன்: சொன்னா? மொய் வெச்சது குணசீலன்னு நாமக்கல் பூரா சிரிக்கும். முட்ட ஏவாரத்துல நாலு பேருகிட்ட நிக்கோணும் நான். கொஞ்ச நாள்ல எல்லாம் மறந்துரும், உடு.

உண்ணாமலை: நானும் சும்மாதான இருந்தேன். உங்கள மட்டும் சொல்லி என்ன ஆகுது?

குணசீலன்: அந்த வெள்ளக்காரம்மா கேட்ட தோரணைய நீ பாத்தயில்ல? நம்ம சோத்தத் தின்னுட்டு, காரம் தாங்காம மூக்க ஒறிஞ்சுக்கிட்டு, நோட்டத் தொறந்து வெச்சு, ‘உங்களுக்கு என்ன கஷ்டம், என்ன தேவை’ன்னு கேக்கறா. முப்பதாயிரம் கோழி நிக்குது என்ற பண்ணையில. நான் அவகிட்ட, கஷ்டமுங்க சாமின்னு கையக் கட்டிட்டு நிக்கோணுமா? ஒறம்பரைகிட்ட யாராச்சும் கொறை சொல்லுவாங்களா? சாப்ட்டீங்களான்னு கேட்டா, பட்டினியாக் கெடந்தாலும் ஆச்சுங்கன்னுதான சொல்லுவோம்? அந்த மாதிரி வாயில வந்ததுதான், ஒரு கொறையும் இல்லீங்கன்னு.

உண்ணாமலை: மறுக்கா கேப்பாங்கன்னு நெனச்சீங்க.

குணசீலன்: ஆமா! நம்ம ஊர்ல மூணு தடவ கேட்டாத்தான கேட்டதா கணக்கு? அவ ஒருக்கா கேட்டா, எழுதிக்கிட்டா, நோட்ட மூடிட்டா. எனக்கென்ன தெரியும்?

உண்ணாமலை: அதுக்கு மேல ஒண்ணு சேத்துச் சொன்னீங்களே… நாங்க குடுக்கற எடத்துல இருக்கறோம்னு.

குணசீலன்: அது… ஒரு வீம்புல வந்துருச்சு. ஒத்துக்கறேன். ராத்திரி கனிஷ்கா மூஞ்சியப் பாக்க முடியாமத் திரும்பிப் படுத்துக்கறேன். ஆனா ஒண்ணு உண்ணாமலை. நான் ஆம்பள, வீம்புக்குச் சொன்னேன். அதையே சொன்னாளாமே ஒருத்தி, தனியாக் கூப்ட்டுக் கேட்டப்ப! பெத்தவதான அவ? அவ மட்டும் ‘அந்தாளு சொல்றதக் கேக்காதீங்க, எங்களுக்கு வேணும்’னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, என்ற பேச்சு அன்னிக்கே அடிபட்டுப் போயிருக்கும். எத்தன பேரத் தனியாக் கேட்டாங்க?

உண்ணாமலை: நாலஞ்சு பேரு இருக்குமுங்க.

குணசீலன்: உன்னையும் கேட்டாங்கல்ல? நீ வேணும்னுதான் சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும். நான் ஒண்ணு சொல்ல, என்ற பண்ணையாளு வேற சொன்னான்னு அதுக்கெல்லாம் நான் கோவிச்சுக்கல.

உண்ணாமலை: பெரிய மனசுங்க உங்களுக்கு.

குணசீலன்: அந்தத் தம்மம்பட்டிக்காரி… தமிழ்ச்செல்வி. அவளாத்தான் இருக்கும். ரெண்டு பஸ்ஸு மாறி வாற அலுப்புல போதும்னு சொல்லியிருப்பா.

உண்ணாமலை: அந்தப் புள்ளையச் சொல்லாதீங்க. பையன இடுப்புல வெச்சுட்டு ஒரு நா தவறாம வந்தவ. நேத்து வந்து கம்பியத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறா.

குணசீலன்: அப்ப வேற எவளோ. தாயா அவ? கையில கெடச்சா…

உண்ணாமலை: கெடச்சா?

குணசீலன்: செருப்பால அடிப்பேன்.

உண்ணாமலை: …ம்ம்.

குணசீலன்: என்ன ம்ம்?

உண்ணாமலை: ஒண்ணுமில்லீங்க. நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?

குணசீலன்: கேளு.

உண்ணாமலை: கம்பி எப்படியும் உங்கூட்டுக்குத்தான் வருது. சாயங்காலம் வேலை முடிச்சுட்டு மதுவத் தூக்கிட்டு வரட்டுங்களா? அரை மணி நேரம் போதும். இப்ப பதினொரு காலடி எடுத்து வெக்கறா. ஒரு மாசம் உட்டா காலு மறுக்கா முறுக்கிக்கும்னு சரிதா சொல்லுது.

குணசீலன்: அட, அதத்தான் நானே சொல்லலாம்னு இருந்தேன்!

உண்ணாமலை: நெசமாலுங்களா?

குணசீலன்: பின்ன? நாலு நாளா கனிஷ்கா காலக் கீழ வெக்கல. எதுக்கால மது நிக்கோணுமாம். கோயமுத்தூர்ல பெரிய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். மெத்து மெத்துனு தரை, கலர் கலரா கம்பி. எதுக்கால ஒரு பொம்மைய நிக்க வெச்சுக் கூப்புடறாங்க. அத எட்டி ஒதைக்கறா இவ.

உண்ணாமலை: மதுவும் அப்படித்தானுங்க. ஒதைக்க மாட்டா, அழுவா.

குணசீலன்: அப்ப முடிஞ்சுது. திங்கக்கெழமையிலிருந்து கூட்டிட்டு வா.

உண்ணாமலை: சந்தோசமுங்க. புள்ளைகிட்ட இப்பவே சொல்லிர்றேன்…

குணசீலன்: ஆனா…

உண்ணாமலை: சொல்லுங்க.

குணசீலன்: ஊட்டுல ஆத்தா இருக்கறாங்கல்ல.

உண்ணாமலை: ஆமாங்க.

குணசீலன்: வயசானவங்க. அவங்க காலத்துப் பழக்கம்… உனக்குத் தெரியாததா? அதனால கம்பிய கார் செட்டுல போடறேன். நீ தீவனக் குடோன் பக்கமா, பின்னால சுத்தி வந்தீன்னா நேரா செட்டுக்கே வந்தறலாம்.

உண்ணாமலை: அன்னிக்கு வெள்ளக்காரங்கள உங்கூட்டுக்கு முன்வாசல்லதான கூட்டிட்டுப் போனீங்க?

குணசீலன்: அவிய ஒறம்பரை.

உண்ணாமலை: ஆமா, அவிய ஒறம்பரை. …நடந்தா புள்ளைக்குத் தாகம் எடுக்குமுங்க.

குணசீலன்: ஒரு பாட்டில்ல கொண்டாந்துக்க.

உண்ணாமலை: நடுவுல வந்து ரெண்டும் கை தட்டிக்குமே. அதுக்கு ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

குணசீலன்: …

உண்ணாமலை: இல்ல, கேட்டுக்கறேன். கை தட்டாதன்னு மதுகிட்ட மொதல்லயே சொல்லி வெக்கோணுமில்ல.

குணசீலன்: உண்ணாமலை… ஆத்தா மத்தியானம் தூங்குவாங்க. ரெண்டரைக்கு வந்தீன்னா நாலு மணிக்குள்ள…

உண்ணாமலை: ரெண்டரைக்கு நான் உங்க பண்ணையில முட்டை பொறுக்கோணும்.

குணசீலன்: நான் சொல்லிக்கறேன் மேஸ்திரிகிட்ட. சும்மாவும் வர வேண்டாம். மாசம் ரெண்டு தட்டு முட்டை குடுத்தர்றேன். புள்ளைக்கு ஆகும்.

உண்ணாமலை: வெத்தலை பாக்கோடவா, சும்மாவா?

குணசீலன்: பாத்தயா! நல்லது சொன்னாலும் குத்தற. அஞ்சு வருசமா பக்கத்துல உக்கார வெச்சுப் பழம பேசுனதுக்கு இது வேணும் எனக்கு. எறங்கி வந்து பேசுனா தலைக்கு மேல…

உண்ணாமலை: நீங்க எறங்கி வரலீங்க. பெஞ்சு ஒண்ணுதான் இருந்துச்சு. தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்கங்க. இதா, பெஞ்சத் தூக்க ஆளு வாராங்க. எந்திரிங்க.

குணசீலன்: இரு, இரு. டேய், அத அப்பறமா தூக்குங்கடா, போங்க! …இங்க பாரு உண்ணாமலை. கோவத்துல பேசுனா ஆகாது. என்ற புள்ள நடக்கோணும், உன்ற புள்ளையும் நடக்கோணும். மனசுல ஒண்ண வெச்சுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. இப்ப இங்க யாரும் இல்ல, நீயும் நானுந்தான். உனக்கு என்ன வேணும்? வாயத் தொறந்து கேளு.

உண்ணாமலை: அன்னிக்கு அந்தச் சென்னைக்காரம்மா, வெள்ளக்காரம்மாவுக்குத் தமிழ் சொன்னவங்க, அவங்களும் இப்படியேதானுங்க கேட்டாங்க. சென்டர் உள் ரூம்புல, கதவச் சாத்திட்டு. ‘அவரு சொன்னத விடுங்க, இங்க யாரும் இல்ல, உங்களுக்கு ரெண்டு வருசம் வேணுமா’ன்னு. ஒருக்கா இல்லீங்க… மறுக்கா கேட்டாங்க. மூணாவதும் கேட்டாங்க. வேணும்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஜன்னலுக்கு அக்கட்டால நீங்க நின்னு, இதா, இப்பப் பாக்கற மாதிரியே என்னையப் பாத்துட்டு இருந்தீங்க. அப்பச் சொன்னதேதான் இப்பவும்… எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க.